14 வருட ஏஜென்சி: விடுவதா, வைத்துக்கொண்டே வேறு வேலைக்குப் போவதா?

ரிக்கூர்க்காரன்:

வணக்கம். ஊர் திருச்செங்கோடு, வயது 41. 2011-ல் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் ஆனேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், என் கேள்விக்கு அது தேவையில்லை.

நேராகக் கணக்குக்கு வருகிறேன். இதுவரை 640 பாலிசி போட்டிருக்கிறேன். அதில் இன்று நடப்பில் இருப்பவை 410. அவற்றின் வருடப் பிரீமியம் சுமார் 57 லட்சம். ரினியூவல் கமிஷன், அதாவது பழைய பாலிசிகளுக்குத் தவணை கட்டக் கட்ட எனக்கு வருவது, சராசரியாக மாதம் 24,000. புதுப் பாலிசி வருடத்துக்கு முப்பது தேறும், அதில் மாதம் 13,000. ஆக 37,000. கேட்க நன்றாகத்தான் இருக்கும். பெட்ரோல் 5,000. மொய் 3,000-க்குக் குறையாது, வைகாசியும் ஆவணியும் வந்தால் இரண்டு மடங்கு. அப்புறம் போன், காலண்டர், டைரி. "இந்தத் தவணையை நீங்களே கட்டிடுங்க, அடுத்த வாரம் தர்றேன்" என்று சொன்னவர்களிடம் நிற்கும் காசு தனி. நேற்று நோட்டில் கூட்டிப் பார்த்தேன், 1,86,000. மாதக் கடைசியில் கையில் 25,000 மிஞ்சினால் அதிசயம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும், இங்கே பாதிப் பேர் போர்வெல் வண்டியை நம்பி இருக்கிறார்கள். கோடையில் கையில் காசு இருக்கும், ஆனால் ஆள் கர்நாடகாவிலோ மத்தியப் பிரதேசத்திலோ இருப்பார். மழை பிடித்தால் வண்டி ஊர் திரும்பும், ஆள் வீட்டில் இருப்பார், காசு இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் 14 வருடமாக வண்டி ஓட்டுகிறேன்.

இப்போது ரிக், அதாவது போர்வெல் வண்டியின் உதிரி பாகம் விற்கும் ஒரு கடையில் கணக்கும் ஸ்டாக்கும் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் 24,000, பி.எஃப். உண்டு. வீட்டில் போகச் சொல்கிறார்கள். மகள் பதினொன்றாம் வகுப்பு. போனால் ஏஜென்சி என்ன ஆகும்? இந்த வேலையை விட்டவர்கள், விடாதவர்கள் இரண்டு பேரும் சொல்லுங்கள்.

பழைய டைரி:

தம்பி, நான் மதுரை. எல்.ஐ.சி.யில் 27 வருட ஏஜென்ட். 14 வருடத்தில் 410 நடப்பில் வைத்திருப்பது சாதாரண விஷயமில்லை. அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் எழுத்தில் சலிப்பு தெரிகிறது.

விடுவதற்கு முன் உங்கள் நியமனக் கடிதத்தையும் விதிகளையும் ஒரு முறை படியுங்கள். எங்களிடம் குறிப்பிட்ட வருடங்கள் தொடர்ந்து வேலை செய்தவர் ஏஜென்சியை விட்டாலும், மோசடிக்காக நீக்கப்படாதவரை, பழைய பாலிசிகளின் கமிஷன் வந்துகொண்டிருக்கும். பணிக்கொடையும் உண்டு. 3 லட்சமாக இருந்த அதன் உச்சவரம்பை 2023-ல் 5 லட்சம் ஆக்கினார்கள். ஆனால் ஏஜென்சி உயிரோடு இருக்க வேண்டுமென்றால் வருடத்துக்குக் குறைந்தபட்ச வியாபாரம் காட்ட வேண்டும். எங்களிடம் 12 பேருக்குப் புதுப் பாலிசி. உங்கள் இடத்தில் எவ்வளவு என்று கேளுங்கள். கிளையில் நேரில் கேட்காதீர்கள், போகப்போகிறான் என்று டீக்கடை வரைக்கும் பரவிவிடும்.

டேர்ம் மட்டும்:

மன்னிக்கவும், கசப்பாக ஒன்று சொல்கிறேன். நீங்கள் விற்றவற்றில் எத்தனை டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் வருவது), எத்தனை எண்டோமென்ட், மணிபேக் (சேமிப்பும் சேர்ந்தது)? வருடத்துக்கு ஐந்தாறு சதவீதம் தரும் திட்டத்தை "பாதுகாப்பும் சேமிப்பும்" என்று சொல்லி விற்ற தொழில் இது. பிள்ளைகள் இப்போது போனிலேயே ஒப்பிட்டுப் பார்த்து டேர்ம் எடுத்துவிடுகிறார்கள். விட்டால் உங்களுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

ரிக்கூர்க்காரன்:

@டேர்ம் மட்டும்: டேர்ம் 22. எண்ணிவிட்டேன். மீதி எல்லாம் நீங்கள் சொன்ன ரகம்தான்.

சண்டைக்கு வரவில்லை. 2018-ல் ஒரு தறிக்காரம்மாவுக்கு வருடம் 12,000 கட்டும் பாலிசி போட்டேன். மார்ச் மாதம், டார்கெட்டுக்கு இரண்டு குறைந்தது. அவரால் கட்ட முடியுமா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. மூன்று வருடம் கட்டினார். ஊரடங்கில் தறி நின்றது, பாலிசியைப் பாதியில் முடித்து சரண்டர் செய்தார். கட்டியது 36,000, திரும்ப வந்தது 12,600. அவர் என்னைத் திட்டவில்லை. "சரி விடுங்க சாமி, உங்களுக்கும் பொழப்பு" என்றார். இன்றும் அந்தத் தெரு வழியாகப் போகமாட்டேன், சுற்றிக்கொண்டு போகிறேன். வேலை மாறும் யோசனை எங்கே தொடங்கியது என்று கேட்டால் அந்தத் தெருவில்தான்.

நடுவர்:

இரண்டு பதிவுகளில் கம்பெனி பெயர் சொல்லித் திட்டியிருந்தார்கள், எடுத்துவிட்டேன். தொழிலைப் பற்றிப் பேசுங்கள்.

கணக்குப்பிள்ளை:

நான் கோவையில் வரிக் கணக்கு பார்ப்பவன். என்னிடம் ஏஜென்ட்கள் பத்துப் பதினைந்து பேர் வருகிறார்கள். ரிக்கூர்க்காரன் சார், உங்கள் கணக்கை நீங்களே தப்பாகப் படிக்கிறீர்கள்.

வருவது 37,000, செலவு 12,000, மிச்சம் 25,000 என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். மூட்டையைப் பிரியுங்கள். 24,000 ரினியூவல் நீங்கள் தூங்கினாலும் இந்த மாதம் வரும். பெட்ரோல், மொய், டைரி, கைக்காசு போட்டுக் கட்டிய தவணை இதெல்லாம் பெரும்பாலும் புதுப் பாலிசிக்காகச் செய்யும் செலவு. அதாவது 13,000 சம்பாதிக்க 12,000 செலவழிக்கிறீர்கள். மாதம் முழுக்க அலைந்து அந்த அலைச்சலில் மட்டும் உங்களுக்கு மிஞ்சுவது ஆயிரம் ரூபாய்!

கடை வேலைக்குப் போனால் சம்பளம் 24,000, ரினியூவல் 24,000. அலைச்சலை மட்டும் நிறுத்தினால் 48,000. இதை வேலையை விடுவது என்று ஏன் சொல்கிறீர்கள்?

இன்னொன்று. கமிஷன் தரும்போதே வரியாகப் பிடிக்கும் டி.டி.எஸ். 2025 ஏப்ரலில் இருந்து 5 சதவீதத்தில் இருந்து 2 ஆகக் குறைந்துவிட்டது. அந்த 2-ஐயும் ரிட்டர்ன் போட்டால் உங்கள் வருமானத்துக்குத் திரும்ப வாங்கலாம். என்னிடம் வரும் ஏஜென்ட்களில் பாதிப் பேர் பல வருடம் ரிட்டர்னே போடாமல் அந்தக் காசை விட்டிருக்கிறார்கள். கமிஷன் வருமானத்துக்குச் சிறு வியாபாரிகளின் உத்தேச வரித் திட்டம் பொருந்தாது. அதனால் பெட்ரோல் ரசீதையாவது சேர்த்து வையுங்கள். மொய்க்கு ரசீது கேட்க முடியாது, தெரியும்.

பழைய டைரி:

கணக்குப்பிள்ளை சொல்வது காகிதத்தில் சரி. ஆனால் மொய் வைப்பது புதுப் பாலிசிக்கு மட்டுமா? அந்தக் கல்யாணத்துக்குப் போனால்தான், "ஆமா, நம்ம தவணை வருதுல்ல" என்று அவருக்கு ஞாபகம் வரும். ரினியூவல் தூங்கினாலும் வரும் என்பது முதல் இரண்டு வருடம்தான். கவனிக்காமல் விட்டால் வருடத்துக்குப் பத்தில் ஒன்று உதிரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24,000 ஐந்து வருடத்தில் 14,000 ஆகிவிடும். என்னோடு சேர்ந்த ஒருவர் மளிகைக்கடை போட்டுவிட்டு ஏஜென்சியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு இப்போது வருவது கடையின் கரண்ட் பில்லுக்குக் காணும்.

அப்புறம், தொழிலே எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். 2024 அக்டோபர் 1 முதல் சரண்டர் விதி மாறியது. ஒரு வருடப் பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தாலே கணிசமாகத் திருப்பித் தர வேண்டும். அதை ஒட்டி எங்களுக்கு முதல் வருடக் கமிஷன் 35-ல் இருந்து 28 சதவீதம் ஆனது, ரினியூவல் 5-ல் இருந்து ஏழரைக்கு ஏறியது. புதிதாகப் போடும் பாலிசிகளுக்குத்தான். எங்கள் கிளையில் ஒரே ஒப்பாரி. என்னைக் கேட்டால் இது இருபது வருடம் முன்பே வந்திருக்க வேண்டும். தம்பியின் தறிக்காரம்மா கதை பாதியாவது குறைந்திருக்கும்.

டேர்ம் மட்டும்:

இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். எதிர்பார்க்கவில்லை.

டார்கெட் தப்பியவன்:

நான் ஏஜென்சியை விட்டுவிட்டு, வங்கிக் கிளையில் உட்கார்ந்து காப்பீடு விற்கும் சம்பள வேலைக்குப் போனேன். கழுத்தில் அடையாள அட்டை, ஏசி, மாதம் பிறந்தால் சம்பளம். காலை 9 மணிக்கு போன் கூட்டம், மாலை 6 மணிக்கு போன் கூட்டம். எஃப்.டி. போட வந்த பெரியவரிடம் "இதுவும் எஃப்.டி. மாதிரிதான் ஐயா" என்று சொல்லச் சொன்னார்கள். 11 மாதம் தாங்கினேன். இப்போது பேக்கரி வைத்திருக்கிறேன். உதிரி பாகக் கடை வேலையில் இந்தத் தொல்லை இல்லை, போங்கள்.

ஏ.ஆர்.என். அடியேன்:

யாராவது மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் வரச் சொல்வதற்கு முன் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஃபண்ட் விற்க எழுத வேண்டிய என்.ஐ.எஸ்.எம். தேர்வு கஷ்டமில்லை. 100 மதிப்பெண்ணுக்கு 50 எடுத்தால் போதும். அப்புறம் ஃபண்ட் விற்பவருக்கான பதிவு எண், அதுதான் ஏ.ஆர்.என். ஆனால் முதலிலேயே மொத்தமாகக் கமிஷன் கொடுக்கும் வழக்கத்தை 2018-ல் பங்குச் சந்தை ஆணையமான செபி நிறுத்திவிட்டது. இப்போது வாடிக்கையாளர் பணம் எவ்வளவு நாள் தங்குகிறதோ அவ்வளவு நாள் சொட்டுச் சொட்டாக வரும். என் கையில் மக்கள் பணம் 1 கோடி இருக்கிறது. 0.8 சதவீதம் என்றால் வருடத்துக்கு 80,000, மாதத்துக்கு 6,700 கூட இல்லை. அந்த 1 கோடி சேர எனக்கு ஆறு வருடம் ஆனது. சம்பள வேலை ஒன்று பக்கத்தில் இருந்தால் நல்ல தொழில். இதை மட்டும் நம்பி வந்தால் மூன்றாம் மாதமே நகை அடகுக்குப் போகும்.

ரிக்கூர்க்காரன் சாருக்கு மார்ச் வியாபாரமும் இனி இருக்காது. வரி மிச்சம் என்று சொல்லித்தானே வாத்தியார்களிடம் விற்றோம்? புது வரிமுறையில் அந்தக் கழிவே கிடையாது, 12 லட்சம் வரை வரியும் இல்லை. போன மார்ச்சில் நான் போன பள்ளிக்கூடத்தில் டீ மட்டும் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி கவுன்ட்டர்:

ஆறு வருடம் ஏஜென்ட், இப்போது சேலத்தில் ஒரு மருத்துவமனையில் காப்பீட்டு மேசை. சம்பளம் 19,000. ஏஜென்ட் வேலை தெரிந்தவர்களுக்கு இந்த மேசை எளிதாக வரும், ஏனென்றால் பாலிசித் தாளைப் படிக்கத் தெரியும். கையிலிருந்து கட்டாமல் காப்பீட்டிலேயே செலவு பார்க்கும் கேஷ்லெஸ் அனுமதிக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரம் என்று 2024-ல் காப்பீட்டு ஆணையம் விதி போட்டது. அந்த 3 மணி நேரமும் நோயாளியின் மச்சான் என் மேசை முன்னாலேயே நிற்பார். அதற்குத் தயார் என்றால் வாருங்கள்.

ஹெல்த் பாலிசி விற்கலாமே என்று யோசித்தால், ஒரே ஏஜென்ட் ஒரு ஆயுள், ஒரு பொது, ஒரு ஹெல்த் நிறுவனத்துக்கு வேலை செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. போனதால் வாங்குபவருக்கு லாபம். ஆனால் தாங்கள் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகை போய்விட்டதென்று சில நிறுவனங்கள் கமிஷனுக்குள்ளேயே அந்த 18 சதவீதத்தை அடக்கிவிட்டன. 100 ரூபாய் வந்த இடத்தில் 85 வருகிறது. விற்கும்போது இதைக் கணக்கில் வையுங்கள்.

தறிச்சத்தம்:

நான் ஏஜென்ட் இல்லை. பள்ளிபாளையம். இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன், சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

என் வீட்டுக்காரர் ரிக் வண்டி டிரைவர். நாலு வருடம் முன்பு மத்தியப் பிரதேசத்தில் வேலை நடக்கும்போதே நெஞ்சுவலியில் போய்விட்டார். 5 லட்சத்துக்கு ஒரு பாலிசி இருந்தது. தவணைத் தேதி தாண்டி 12 நாள் ஆகியிருந்தது. கட்டாத பாலிசி செத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன், சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். பத்திரத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன். கருமாதி முடிந்த நாலாம் நாள் எங்கள் ஏஜென்ட் வந்தார். பத்திரத்தைக் கேட்டார். வருடத் தவணைக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டும்மா, பாலிசி உயிரோடுதான் இருக்கிறது என்றார். பாக்கித் தவணையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள்.

டேர்ம் போனில் எடுக்கலாம் என்கிறீர்கள். எடுக்கலாம். அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி போன் வருமா? ரிக்கூர்க்காரன் அண்ணா, நீங்கள் கடைக்குப் போங்கள், போக வேண்டாம் என்று சொல்ல நான் யார். உங்கள் 410 வீட்டிலும் பத்திரம் எங்கே இருக்கிறது, நாமினி யார் என்று ஒரு முறை சொல்லிவிட்டுப் போங்கள்.

டேர்ம் மட்டும்:

அக்கா, பதில் இல்லை. என் டேர்ம் பாலிசி இருக்கும் விஷயம் என் மனைவிக்குத் தெரியாது. இன்று சாயங்காலம் சொல்கிறேன்.

ரிக்கூர்க்காரன்:

ஒரு வாரமாகப் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும். நோட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள். பழைய டைரி அண்ணா சொன்ன "பத்தில் ஒன்று உதிரும்" என் விஷயத்தில் நிஜமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

640-ல் போனது 230. அதில் மெச்சூரிட்டி 38. இறப்பு கிளெய்ம் 9. சரண்டர் 61. கட்டாமல் லேப்ஸ் ஆனது 122. இந்த 122-ல் மூன்று வருடம் முடியும் முன்பே போனவை 97. அந்த 97-ல் 70, மார்ச் மாதத்தில் போட்டவை. கட்ட முடியாதவர்களிடம் டார்கெட்டுக்காகத் திணித்தவை. தறிக்காரம்மாவுடையது இந்தக் கணக்கில்கூட வராது, அது சரண்டர் பட்டியலில் இருக்கிறது.

மூன்று வருடம் தாண்டிய பிறகு லேப்ஸ் ஆனது 14 வருடத்தில் வெறும் 25. அதிலும் பாதி, ஆள் எங்கே இருக்கிறார் என்று எனக்கே தெரியாதவர்கள். அப்படியென்றால் பழையவை அவ்வளவு சுலபமாக உதிரவில்லை அண்ணா. போன் செய்தால் கட்டுகிறார்கள். நான் ஓடியது எல்லாம் நிற்காத பாலிசிகளைப் பிடிக்கத்தான். கணக்குப்பிள்ளை சார் சொன்ன ஆயிரம் ரூபாய்கூட நிஜமாக வந்ததா என்று இப்போது சந்தேகம்.

கடை முதலாளியிடம் பேசிவிட்டேன். ஏஜென்சியும் இருக்கும், கடை நேரத்தில் அதைத் தொடமாட்டேன் என்று சொன்னேன். "எனக்கும் என் பையனுக்கும் ஒரு டேர்ம் போட்டுக் கொடுத்துட்டு வேலையில சேரு" என்றார். முதல் பிரீமியத்தில் எவ்வளவு தள்ளுவாய் என்று அவரும் கேட்டார். கமிஷனில் பங்கு கொடுப்பது காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி குற்றம், 10 லட்சம் வரை அபராதம் என்றேன். 14 வருடத்தில் இதை ஒரு வாடிக்கையாளரிடம் தைரியமாகச் சொன்னது இதுதான் முதல் முறை. சம்பளம் வரும் தைரியம்.

குறைந்தபட்ச வியாபாரத்துக்குத் தேவையான அளவு மட்டும் போடுவேன். மார்ச் கிடையாது. ஏஜென்ட்களை மேய்க்கும் எங்கள் வளர்ச்சி அதிகாரி மூன்று நாளாகப் பேசவில்லை. அதிகம் விற்கும் ஏஜென்ட்களுக்கான கிளப் தகுதி போகிறதே என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பினார்.

@தறிச்சத்தம்: ஞாயிற்றுக்கிழமை தொடங்கிவிட்டேன். முதல் ஞாயிறு 14 வீடு. ஒரு வீட்டில் நாமினி, இறந்துபோன அம்மா. இன்னொன்றில் கல்யாணத்துக்கு முன் போட்ட பாலிசி, நாமினி அண்ணன். அவர் மனைவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். படிவம் கையோடு கொண்டுபோயிருந்தேன், மாற்றிவிட்டோம். அண்ணன்காரருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

பழைய டைரி:

தோற்றேன் தம்பி. என்னுடைய நோட்டையும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும். மார்ச் மாதத்தைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

அது சரி, வெளியே நிற்கும் அந்த 1,86,000 என்ன ஆச்சு?

ரிக்கூர்க்காரன்:

9,000 வந்திருக்கிறது அண்ணா. மீதிக்கு மழை நின்று வண்டி கிளம்பட்டும்.